கையடக்கத் தையல் மெஷின்: சில நூறு ரூபாய்க்கு வாங்கலாமா? எதற்கு உதவும், எங்கே கைவிடும்?

செல்போனில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டே போகும்போது இந்த விளம்பரம் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். ஸ்டேப்ளர் மாதிரி ஒரு சின்னக் கருவி. ஒரு கை அதைப் பிடித்திருக்கிறது, மறு கை துணியைப் பிடித்திருக்கிறது. ஊசி படபடவென ஓடுகிறது. கிழிசல் மறைகிறது, திரைச்சீலையின் ஓரம் மடிந்து தைக்கப்படுகிறது, அடுத்த காட்சியில் ஒரு ப்ளவுஸே தயாராகிவிடுகிறது.

விலையும் சில நூறு ரூபாய்தான். 'வாங்கிப் போட்டா என்ன குறைஞ்சுடப் போகுது?' என்று தோன்றும். சரி, வாங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தால் இன்னும் குழப்பம். ஒருவர் 'சூப்பரா தைக்குது' என்கிறார். அடுத்தவர் 'ஒரே நாள்ல மொத்தமும் பிரிஞ்சு போச்சு' என்கிறார்.

இருவர் சொல்வதும் உண்மையாக இருக்க முடியும். காரணம், அந்தக் கருவி போடும் தையலில் இருக்கிறது. அது என்ன தையல் என்று புரிந்துகொண்டால், இதை எதற்கு வாங்கலாம், எதற்கு வாங்கக் கூடாது என்பது தெளிவாகிவிடும்.

எந்த மெஷினைப் பற்றிப் பேசுகிறோம்?

நம் வீடுகளில் 'கை மெஷின்' என்றால் பலருக்கும் வேறொன்று நினைவுக்கு வரும். மேசை மேல் வைத்து, வலது பக்கக் கைப்பிடியைச் சுற்றித் தைக்கும் கறுப்பு இரும்பு மெஷின். அது முழுமையான தையல் மெஷின். காலுக்குப் பதில் கையால் ஓட்டுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது அல்ல.

ஆன்லைனிலும் பொருட்காட்சிகளிலும் 'ஹேண்டி ஸ்டிட்ச்', 'மினி தையல் மெஷின்' என்றெல்லாம் விற்கப்படுபவற்றில் நான்கு வகைகள் உண்டு.

• ஸ்டேப்ளர் வகை: கையால் அழுத்த அழுத்த ஒவ்வொரு தையலாக விழும். பேட்டரி கிடையாது. இருப்பதிலேயே மலிவானது.

• பேட்டரி வகை: உள்ளே சின்ன மோட்டார். பெரும்பாலும் நான்கு ஏஏ பேட்டரி போட வேண்டும். அடாப்டர் செருகவும் ஓர் ஓட்டை இருக்கும். ஆனால் பல மாடல்களில் அடாப்டரைத் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

• சாக்கு தைக்கும் மெஷின்: அரிசி ஆலை, தீவன ஆலை, உரக் கிடங்குகளில் மூட்டையின் வாயைத் தைக்கப் பயன்படுவது. இதையும் கையில் பிடித்துத்தான் தைக்கிறார்கள். கனமானது, விலையும் பல மடங்கு. இது தொழிற்சாலைக் கருவி.

• மேசை மேல் வைக்கும் குட்டி மெஷின்: பார்க்க விளையாட்டுச் சாமான் போல இருக்கும். மேலே ஒரு நூல், கீழே பாபினில் ஒரு நூல். இது கையில் பிடிக்கும் கருவியே அல்ல. ஆனால் தேடும்போது இதுவும் சேர்ந்தே வருவதால் பலர் குழம்பிவிடுகிறார்கள்.

முதல் இரண்டு வகைகளைத்தான் இனி 'கையடக்க மெஷின்' என்று சொல்லப் போகிறோம்.

ஒரு நூலா, இரண்டு நூலா?

எல்லா வித்தியாசமும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

வீட்டிலோ டெய்லர் கடையிலோ இருக்கும் மெஷினில் இரண்டு நூல்கள் உண்டு. ஒன்று மேலிருந்து ஊசி வழியாக வருகிறது. மற்றொன்று கீழே பாபினில் இருக்கிறது. ஊசி கீழே இறங்கி மேலே ஏறத் தொடங்கும்போது, நூல் ஒரு சின்ன வளையமாகப் பிரிந்து நிற்கும். கீழே உள்ள கொக்கி அந்த வளையத்தைப் பிடித்து பாபின் நூலைச் சுற்றிக் கொண்டுவருகிறது. இரண்டு நூல்களும் துணியின் நடுவில் ஒன்றை ஒன்று பின்னிக்கொள்கின்றன. இதுதான் 'லாக் ஸ்டிட்ச்' எனப்படும் பூட்டுத் தையல்.

கையடக்க மெஷினில் பாபின் நூல் கிடையாது. ஒரே நூல்தான். ஊசி கீழே கொண்டுபோன நூல் வளையத்தைக் கீழே உள்ள கொக்கி பிடித்து வைத்துக்கொள்கிறது. ஊசி அடுத்த முறை இறங்கும்போது, புது வளையம் பழைய வளையத்துக்குள் நுழைகிறது. அதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று. மேலே பார்த்தால் நேர்க்கோடாக இருக்கும். துணியைத் திருப்பினால் அடியில் சங்கிலி தெரியும். இதற்குப் பெயர் சங்கிலித் தையல்.

ப்ளவுஸில் ஆரி வேலை செய்வதைப் பார்த்திருப்பவர்களுக்கு இது உடனே புரியும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில், ஆரி ஊசி அடியிலிருந்து நூலை வளையமாக மேலே இழுத்து, வளையத்துக்குள் வளையமாகக் கோத்துக்கொண்டே போகும். அங்கேயும் கடைசியில் முடிச்சுப் போடாவிட்டால் வரிசையாகப் பிரிந்துவிடும்.

தையல் வகைகளுக்கு எண் கொடுக்கும் ஐ.எஸ்.ஓ. 4915 என்ற சர்வதேசத் தரநிலை ஒன்று உண்டு. அதில் ஒற்றை நூல் சங்கிலித் தையலின் எண் 101. பூட்டுத் தையலின் எண் 301. அதாவது ஆடைத் தொழில் இந்த இரண்டையும் வெவ்வேறு தையலாகவே கணக்கில் வைத்திருக்கிறது.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. 1830-ல் பிரான்ஸைச் சேர்ந்த தையல்காரர் பார்த்தெலமி திமோனியே காப்புரிமை பெற்ற மெஷின் சங்கிலித் தையல்தான் போட்டது. இரண்டு நூல் பூட்டுத் தையலுக்கு அமெரிக்காவின் எலியாஸ் ஹோவ் 1846-ல் காப்புரிமை பெற்றார். அதன் பிறகும் 1857-ல் ஜேம்ஸ் கிப்ஸ் ஒற்றை நூலில் தைக்கும் எளிய மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். பாகங்கள் குறைவு, பாபின் சுற்றும் வேலை இல்லை என்பது அன்றே ஒற்றை நூலுக்கு இருந்த சாதகம். இன்று உங்கள் கைக்குள் அடங்கும் அளவுக்கு மெஷின் சின்னதாகியிருப்பதற்கும் அதுவே காரணம்.

ஏன் பிரிகிறது?

அரிசி மூட்டையைப் பிரித்த அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் 'சர்'ரென்று ஒரே இழுப்பில் மொத்தத் தையலும் கழன்று வரும். தப்பான முனையைப் பிடித்தால் இறுகிக்கொள்ளும், கத்தி தேட வேண்டியதுதான்.

மூட்டையின் வாயில் இருப்பதும் சங்கிலித் தையல்தான். ஒவ்வொரு வளையத்தையும் அதற்கு அடுத்த வளையம் பிடித்துக்கொண்டிருக்கிறது. கடைசி வளையத்தைப் பிடிக்க மட்டும் ஆள் இல்லை. அதை உருவிவிட்டால் அதற்கு முந்தையது அவிழும், பிறகு அதற்கு முந்தையது. தைத்து முடித்த முனையிலிருந்து தொடங்கிய முனை வரை ஓடிவிடும்.

மூட்டைக்கு அது தேவை. சுலபமாகத் திறக்க வேண்டும் என்பதற்காகவே அங்கே அந்தத் தையலைப் போடுகிறார்கள். அதே குணம் பிள்ளையின் பள்ளிச் சீருடையிலோ சேலை ஓரத்திலோ வந்தால்தான் வம்பு.

நடுவில் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் இதே கதைதான். பூட்டுத் தையலில் ஒரு தையல் அறுந்தால் பக்கத்துத் தையல்கள் ஓரளவு தாங்கும். சங்கிலித் தையலில் அறுந்த இடத்திலிருந்து தொடக்க முனையை நோக்கிப் பிரிந்துகொண்டே போகலாம். ரெடிமேட் சட்டையில் தொங்கும் நூலை இழுத்ததும் பட்டன் கையோடு வந்த அனுபவம் இருக்கிறதா? பல ஆலைகளில் பட்டன் தைப்பது ஒற்றை நூல் சங்கிலித் தையலில்தான்.

'ஒரே நாள்ல பிரிஞ்சு போச்சு' என்று எழுதியவருக்கு நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். மெஷின் பழுதாகியிருக்க வேண்டிய அவசியமில்லை. கடைசி வளையத்தில் முடிச்சு விழவில்லை.

என்னென்ன நன்மைகள்?

துணியிடம் மெஷின் போகிறது. இதுதான் இதன் உண்மையான பலம். சாதாரண மெஷினில் துணியைத்தான் மெஷினிடம் கொண்டுபோக வேண்டும். கையடக்க மெஷினை வைத்து, மாட்டிய திரைச்சீலையைக் கழற்றாமலே ஓரம் அடிக்கலாம். சோஃபா உறை, மெத்தை உறை, கட்டிலில் விரித்த போர்வை ஆகியவற்றில் பிரிந்த ஓரத்தை அங்கேயே உட்கார்ந்து தைத்துவிடலாம்.

இடம் அடைக்காது. ஒற்றை அறை வீட்டிலும் ஹாஸ்டலிலும் தையல் மெஷினுக்கு இடம் ஏது? இது மேசை டிராயரில் அடங்கிவிடும்.

மின்சாரம் தேவையில்லை. ஸ்டேப்ளர் வகைக்குப் பேட்டரியும் தேவையில்லை. பயணத்தில் பையில் போட்டுக்கொள்ளலாம். விமானத்தில் போவதாக இருந்தால், ஊசியும் பேட்டரியும் இருப்பதால் விமான நிறுவனத்தின் விதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தற்காலிகத் தையலுக்கு நல்லது. இதைப் பலர் கவனிப்பதில்லை. பேன்ட் உயரம் சரியா, இடுப்பு இன்னும் பிடிக்க வேண்டுமா என்று போட்டுப் பார்க்க ஒரு தையல் அடித்துப் பிறகு பிரிக்க வேண்டுமா? இழுத்தால் பிரியும் குணம் இங்கே வரமாகிவிடுகிறது. நாடக மேடை உடை, பள்ளி ஆண்டு விழா உடை, ஒரு நாள் அலங்காரத் துணி போன்றவற்றுக்கும் இது போதும்.

பழகச் சுலபம். நூல் கோக்கத் தெரிந்தால் அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். பாபின் சுற்றுவது, பாபின் கேஸ் மாட்டுவது போன்ற வேலைகள் இல்லை.

குறைகள் என்னென்ன?

பிரிவது முதல் குறை. அதைப் பார்த்துவிட்டோம். மற்றவை இவை.

பின்னோக்கித் தைக்க முடியாது. டெய்லர் கடை மெஷினில் தையலை முடிக்கும்போது ஒரு நெம்பை அழுத்தி, நாலைந்து தையல் பின்னால் அடித்துக் கெட்டிப்படுத்துவார்கள். கையடக்க மெஷினில் அந்த வசதி இல்லை. ஒவ்வொரு முறையும் கையால் முடிச்சுப் போட வேண்டும்.

கோடு நேராக வராது. பெரிய மெஷினில் துணி மேசை மேல் படுத்திருக்கும். அடியில் உள்ள பல் அதைச் சீராக நகர்த்தும். இங்கே மெஷினும் அந்தரத்தில், துணியும் அந்தரத்தில். சின்ன மெஷினின் இழுக்கும் சக்தியும் குறைவு. மெஷின் பிடித்த கை கொஞ்சம் சாய்ந்தாலும் தையல் வளைந்துவிடும். நீளமான துணியில் இது நன்றாகவே தெரியும்.

தடித்த துணி தாங்காது. ஒற்றை, இரட்டை மடிப்புப் பருத்தித் துணி வரை பிரச்சினையில்லை. ஜீன்ஸின் காலோரத்தில் பக்கத் தையல் சேரும் இடத்தில் பல அடுக்கு ஒன்றாக இருக்கும். அங்கே ஊசி வளையும், முறியும், அல்லது மோட்டார் முனகி நின்றுவிடும். ஸ்கூல் பை வார், தோல், ரெக்சின் எல்லாம் இதற்குச் சக்திக்கு மீறிய வேலை.

மிக மெல்லிய துணியும் ஒத்துவராது. ஜார்ஜெட், ஷிஃபான் போன்ற வழுக்கும் துணிகளை ஊசித் துளைக்குள் இழுத்துச் சுருக்கிவிடும். பட்டில் போட்டுப் பார்க்காமல் இருப்பதே நல்லது. பிரித்தாலும் ஊசித் தடம் போகாது.

நூல் அறுப்பதும் தையல் விடுவதும் அடிக்கடி நடக்கும். டென்ஷன் ஸ்க்ரூவை இறுக்கினால் நூல் அறும், தளர்த்தினால் அடியில் தொளதொளவென வளையம் நிற்கும். நடுநிலை கிடைக்கும் வரை பழைய துணியில் அடித்துப் பார்க்க வேண்டும். பேட்டரி இறங்கும்போதும் தையல் விடும். மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பலர் அப்போதுதான் தூக்கிப் போடுகிறார்கள்.

பழுது பார்க்க ஆள் இல்லை. வழக்கமான மெஷினுக்கு எந்த ஊரிலும் மெக்கானிக் கிடைப்பார். கடைத்தெருவில் ஊசி, பாபின், பெல்ட் கிடைக்கும். இதன் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்துவிட்டால் மாற்றுப் பாகம் கிடைப்பது கடினம். மொத்தமாகக் குப்பைக்குத்தான் போகும்.

கை வலிக்கும். ஸ்டேப்ளர் வகையில் ஒவ்வொரு தையலுக்கும் ஒரு அழுத்தம். இரண்டு மீட்டர் திரைச்சீலைக்குள் விரல்கள் களைத்துவிடும். மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்கு 'ஈஸியா இருக்கும்' என்று வாங்கிக் கொடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். பெரும்பாலான மாடல்கள் வலது கையில் பிடிப்பதற்கேற்ப அமைந்தவை. இடது கைப் பழக்கமுள்ளவர்கள் திணறுவார்கள்.

'இதை வெச்சு ப்ளவுஸ் தைக்க முடியுமா?'

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. நேர் பதில்: தைத்த மாதிரி காட்ட முடியும், உடுத்த முடியாது.

ப்ளவுஸ் உடம்போடு ஒட்டி, இழுபட்டுக்கொண்டே இருக்கும் உடை. கையைத் தூக்கும்போது அக்குள் இழுபடும். மூச்சு விடும்போது பக்கத் தையலும் கொக்கிப் பட்டியும் இழுபடும். போதாததற்கு, உடம்பு பெருத்தால் பிரித்துவிட்டுக்கொள்ள பக்கத்தில் இரண்டு மூன்று வரித் தையல் அடிப்பது நம் வழக்கம். அங்கே ஒரு நூல் அறுந்தால் ஓடிப் பிரியும் தையலை நம்ப முடியாது. கையடக்க மெஷினால் கழுத்து வளைவையும் கை வளைவையும் ஒழுங்காகத் திருப்பவும் முடியாது.

சேலைக்கு ஃபால்ஸ் வைப்பதும் அப்படித்தான். ஃபால்ஸ் தையல் வெளியே தெரியாமல் இருக்க வேண்டும் என்பதால்தான் அதன் ஒரு பக்கத்தைக் கையால் எம்மிங் செய்கிறார்கள். இந்த மெஷின் போட்டால் ஒரு பக்கம் கோடும் மறுபக்கம் சங்கிலியும் தெரியும்.

பொதுவாக ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். உடம்பின் இழுவையையோ கனத்தையோ தாங்க வேண்டிய இடத்தில் இந்தத் தையல் வேண்டாம். சும்மா தொங்கிக்கொண்டோ விரிந்தோ கிடக்கும் துணியில் போடலாம்.

அப்படியானால் பிரிந்த சீருடையை வீட்டில் எப்படித் தைப்பது? சாதாரணக் கை ஊசிதான். ஓர் அடி முன்னால் போய் அரை அடி பின்னால் வந்து போடும் பின் தையல், இந்த மெஷின் போடும் தையலைவிட உறுதியானது. நான்கைந்து அங்குலக் கிழிசலுக்கு, மெஷினில் நூல் கோத்து டென்ஷன் சரிசெய்யும் நேரத்துக்குள் கையாலேயே தைத்து முடித்துவிடலாம்.

'வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்' என்ற விளம்பரம்

நம் நாட்டில் தையல் மெஷின் வெறும் வீட்டு உபயோகப் பொருளாக இருந்ததில்லை. கணவரை இழந்த பெண்ணுக்கு உறவினர் வாங்கித் தருவது, திருமணத்துக்குச் சீராகக் கொடுப்பது, அரசும் தொண்டு நிறுவனங்களும் மேடை போட்டு வழங்குவது எல்லாமே அதில் ஒரு பிழைப்பு இருக்கிறது என்பதால்தான். இயந்திரங்களைக் கடுமையாக விமர்சித்த காந்தியும், 1924-ல் ஜி.ராமச்சந்திரனுடன் நடந்த உரையாடலில் சிங்கர் தையல் மெஷினுக்கு விலக்கு அளித்தார்.

கையடக்க மெஷினை விற்பவர்கள் கை வைப்பது இந்த நம்பிக்கையில்தான். சில நூறு ரூபாயில் வாங்கி, அக்கம்பக்கத்தில் தைத்துக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்று ஒரு பெண் நம்பினால், அவர் இழப்பது அந்தப் பணம் மட்டுமல்ல. முதல் வாடிக்கையாளரின் துணி ஒரு சலவையில் பிரிந்தால், அந்தத் தெருவில் இரண்டாவது துணி வராது. கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கும் இது பயன்படாது. பாபின் மாட்டுவது, காலோ மோட்டாரோ வேகத்தைக் கட்டுப்படுத்துவது, இரண்டு கையாலும் துணியைத் திருப்புவது என்று தையல் தொழிலின் அடிப்படை எதையும் இதில் பழக முடியாது.

தொழிலாகச் செய்ய விரும்புபவர்களுக்குப் பூட்டுத் தையல் போடும் மெஷின்தான் தேவை. புதிதாக வாங்கப் பணம் போதவில்லை என்றால், நல்ல நிலையில் உள்ள பழைய கால் மெஷினோ கை மெஷினோ மெக்கானிக் மூலம் பார்த்து வாங்குவது எவ்வளவோ மேல்.

அரசுத் திட்டங்களும் உண்டு. 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட மத்திய அரசின் பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தில் உள்ள 18 தொழில்களில் தையலும் ஒன்று. அடிப்படைப் பயிற்சியின்போது நாளொன்றுக்கு 500 ரூபாய் உதவித்தொகை, கருவி வாங்க 15,000 ரூபாய் வரை, 5 சதவீத வட்டியில் முதல் தவணையாக 1 லட்சம், அடுத்து 2 லட்சம் ரூபாய் வரை பிணையில்லாக் கடன் ஆகியவை அதில் உள்ளன. இது ஏற்கெனவே அந்தத் தொழிலைச் சொந்தமாகச் செய்துவருபவர்களுக்கானது. பொதுச் சேவை மையங்கள் மூலம் பதிவு செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டு நிலவரம் வேறு. இப்போதைய வடிவில் விஸ்வகர்மா திட்டத்தைச் செயல்படுத்தப் போவதில்லை என்று மாநில அரசு 2024 நவம்பரில் மத்திய அரசுக்குத் தெரிவித்தது. 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. இது தவிர, கணவரை இழந்தவர்கள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிப் பெண்கள் போன்றோருக்காக சமூகநலத் துறையின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவச தையல் இயந்திரம் வழங்கும் திட்டம் உள்ளது. விவரங்களை மாவட்ட சமூகநல அலுவலகத்தில் கேட்கலாம்.

வாட்ஸ்அப்பில் வரும் 'எல்லாப் பெண்களுக்கும் பிரதமரின் இலவச தையல் மெஷின்' செய்தியை நம்பி லிங்க்கைத் தொட வேண்டாம். அப்படியொரு திட்டம் இருப்பதாகப் பரவிய தகவல்கள் போலி என்று மத்திய அரசின் பி.ஐ.பி. உண்மை கண்டறியும் பிரிவு பல முறை விளக்கியுள்ளது. ஆதார் எண், வங்கி விவரம், ஓ.டி.பி. கொடுத்துப் பணம் பறிபோனால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

வாங்குவது என்று முடிவு செய்தால்

• படத்தைப் பார்க்காமல் விவரத்தைப் படியுங்கள். ஒற்றை நூலா, இரட்டை நூலா என்று போட்டிருக்கிறதா? பாபின் உண்டு என்று சொன்னால், அடியில் பாபின் போடும் இடம் படத்தில் தெரிகிறதா? கையடக்க மெஷினில் பக்கவாட்டில் செருகியிருக்கும் சின்ன நூல் உருளையைப் பார்த்து 'பாபின் இருக்கு' என்று நினைத்துவிட வேண்டாம். அது மேல் நூல்தான்.

• அடாப்டர், உபரி ஊசி, ஊசியில் நூல் கோக்கும் கம்பி ஆகியவை பெட்டியில் உண்டா என்று பாருங்கள். அடாப்டரைத் தனியாக வாங்கினால், மெஷினில் குறிப்பிட்ட வோல்ட் அளவுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும்.

• ஐந்து நட்சத்திர விமர்சனங்களை விட்டுவிட்டு, இரண்டு, மூன்று நட்சத்திர விமர்சனங்களைப் படியுங்கள். பயன்படுத்திப் பார்த்தவர்களின் உருப்படியான தகவல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

• தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் தயாரானது என்ற விவரம் இல்லாத இணையதளத்தில் வாங்க வேண்டாம்.

• பார்சலைப் பிரிக்கும்போது செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பிரித்த அன்றே பழைய துணியில் தைத்துப் பாருங்கள். திருப்பி அனுப்பும் கெடு சில நாட்கள்தான் இருக்கும்.

தைக்கும்போது

நூல் கோக்கும்போதும் ஊசி மாற்றும்போதும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், அல்லது சுவிட்ச் பூட்டு இருந்தால் போட்டுவிடுங்கள். பல மாடல்களில் விரலுக்குத் தடுப்பு கிடையாது. கை தவறி சுவிட்சை அழுத்தினால் ஊசி விரலில் இறங்கும். விளையாட்டுச் சாமான் போலத் தெரிவதால் குழந்தைகள் எடுப்பார்கள். கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

துணியை இழுக்காதீர்கள். லேசாகத் தாங்கிப் பிடித்து வழிகாட்டினால் போதும். பட்டனும் ஜிப்பும் இருக்கும் இடத்துக்கு அருகே நிறுத்திவிடுங்கள்.

முடிக்கும் விதம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். கடைசித் தையல் விழுந்ததும் மோட்டாரை நிறுத்தி, பக்கத்தில் உள்ள சின்னச் சக்கரத்தைக் கையால் திருப்பி ஊசியை முழுவதும் மேலே கொண்டுவாருங்கள். நூலை நான்கு விரற்கடை அளவு தளர இழுத்துவிட்டு வெட்டுங்கள். பிறகு துணியை மெதுவாக வெளியே எடுங்கள். படக்கென்று இழுத்தால் அங்கேயே பிரியத் தொடங்கிவிடும். துணியைத் திருப்பி, மிச்ச நூலைக் கை ஊசியில் கோத்து, கடைசி வளையத்துக்குள் இரண்டு முறை நுழைத்து முடிச்சுப் போடுங்கள். அந்த முனையில் கை ஊசியால் நாலு பின் தையலும் போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

நீண்ட நாள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். உள்ளே கசிந்து துரு பிடித்தால் மெஷினை மீட்க முடியாது.

ஏமாற்றப்பட்டால் என்ன செய்வது?

2020-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் இங்கே உங்கள் பக்கம் நிற்கின்றன. பொருள் பழுதாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாவிட்டாலோ, திரும்ப எடுத்துக்கொள்ள விற்பனையாளர் மறுக்கக் கூடாது. விற்பவரே வாடிக்கையாளர் போல விமர்சனம் எழுதவும் தடை உண்டு. மின்வணிக நிறுவனம் குறைதீர் அலுவலரை நியமித்திருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும்.

அதிலும் நடக்கவில்லை என்றால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அடுத்த கட்டமாக, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. இணையம் வழியாக இ-ஜாக்ரிதி தளத்திலும் மனு போடலாம்.

'நானூறு ரூபாய்க்குப் போய் யாரு அலையறது?' என்று விட்டுவிடுவது இயல்புதான். இப்படிப் பலரும் விட்டுவிடுவதால்தான் அதே விளம்பரம் மறுபடியும் ஓடுகிறது. 1915-க்கு ஒரு அழைப்பு போட நேரம் அதிகம் ஆகாது.

அப்போ வாங்கலாமா, வேண்டாமா?

ஹாஸ்டலில் இருக்கிறீர்கள், அடிக்கடி வீடு மாற்றுகிறீர்கள், திரைச்சீலை, தலையணை உறை போன்ற சில்லறை வேலைகள்தான் இருக்கின்றன, முடிச்சுப் போடப் பொறுமை உண்டு என்றால் வாங்கலாம். கொடுத்த காசுக்கு உழைக்கும்.

வீட்டில் ஏற்கெனவே தையல் மெஷின் இருந்தால் இது தேவையில்லை. மாதத்தில் ஒன்றிரண்டு கிழிசல்தான் என்றால் ஊசியும் நூலும் போதும், அல்லது தெருமுனை ஆல்டரேஷன் கடைக்காரரிடம் கொடுத்துவிடலாம். தையல் கற்கவோ தைத்துச் சம்பாதிக்கவோ நினைக்கிறீர்கள் என்றால், இந்தச் சில நூறு ரூபாயை இதில் போடாமல், பாபின் உள்ள ஒரு பழைய மெஷினுக்காகச் சேர்க்கத் தொடங்குங்கள்.

ஏற்கெனவே வாங்கி, பிரிந்துபோன கோபத்தில் அலமாரியில் போட்டு வைத்திருக்கிறீர்களா? புது பேட்டரி போட்டு, ஒரு பழைய தலையணை உறையில் ஒரு வரி அடித்து, கடைசி வளையத்தில் முடிச்சுப் போட்டுப் பாருங்கள். குறை மெஷினிலா, முடிச்சிலா என்பது தெரிந்துவிடும்.